வாடகை வீடும் வீட்டுக்குரியாளும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வீடு என்பது பெண்ணுக்குரியது. எழுவான்கரையாயினும் படுவான்கரையாயினும், ஆரையம்பதியாயினும் கொக்கட்டிச்சோலையாயினும், மணம் முடித்த ஆடவன் தன் உடுப்புப் பெட்டியோடு மனைவியின் வளவுக்குச் சென்று குடியேறுவதே வழமை. யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்பது ஏளனச் சொல்லாக வழங்க, இங்கோ மாப்பிள்ளை யாவரும் வீட்டோடு மாப்பிள்ளைகளே. காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் மக்களிடையேயும் இவ்வழமை வேரூன்றியுள்ளது. இதனைப் பெருமையோடு எடுத்துரைக்காத மட்டக்களப்பு அறிஞரைக் காண்டல் அரிது. நமது சங்க மேடைகளிலும் ‘தாய்வழிச் சமுதாயம்’ ஆண்டுக்கொரு முறையேனும் பேசப்பட்டுக் கைதட்டல் பெறுகின்றது.

அதே வாவிக்கரைக் குடும்பம் கடல் கடந்து ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாடகைக்கு ஒரு வீடு தேடும்பொழுது நடப்பது யாது? வீடு தேடுபவன் கணவன். கேள்விக்கு விடையிறுப்பவன் கணவன். ஒப்பந்தத்திற் கையொப்பமிடுபவனும் கணவன். ஊரில் வீட்டுக்கு உரியவளாயிருந்தவள் அங்கு வாடகைக்கு இருப்பவள் என்ற பெயரைத்தானும் பெறுவதில்லை. நான் கண்டறிந்த வரையில் இது விதிவிலக்கன்று, பெருவழக்கு. இதற்குக் குடிவரவுச் சட்டத்தையும் வெள்ளையரின் நிறவெறியையும் முழுக் காரணமாகக் காட்டுவோர் நம்மிடையே பலர். அக்கூற்றிற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம். சிலர் மனம் நோகக்கூடும். அதற்கு அஞ்சி எழுதாமல் விடுவதற்கில்லை.

முதற்கண் நாம் இழக்கும் பொருள் இன்னதென அறிதல் வேண்டும். கிறிஸ்தோபர் பிறிற்றோ 1876ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட முக்குவச் சட்ட நூல், முதுசொம் எனப்பட்ட பரம்பரைச் சொத்துத் தாய்வழியே சகோதரியின் மக்களைச் சென்றடைந்த முறைமையை விளக்குகின்றது. பின்னர் அச்சட்டம் நீதிமன்றத்திலிருந்து மறைந்தது. மட்டக்களப்பார் நாட்டின் பொதுச் சட்டத்தின்கீழ் வந்தனர். ஆயினும் வழமைக்குச் சட்டத்தினும் ஆயுள் அதிகம். முதுசொம் போன இடத்தைச் சீதன வீடு பற்றிக்கொண்டது. மூத்த மகளின் மணத்தின்போது பெற்றோர் தாம் குடியிருந்த வீட்டையே அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறத்திலோ அடுத்த வளவிலோ சிறியதொரு வீட்டுக்கு மாறி, இளையவளுக்கெனப் புதிதாக அத்திவாரமிடுவர். மூன்று பெண்களைப் பெற்ற தகப்பன் தன் வாழ்நாளில் மூன்று வீடு கட்டுவான். இறுதியில் அவனுக்கென ஒன்றும் மிஞ்சாது. 1969ஆம் ஆண்டு முதல் அக்கரைப்பற்றிலே கள ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர், 2008இல் வெளியிட்ட தமது பெருநூலில் இக்குடிமுறையையும் சீதன முறையையும் விரிவாகவே ஆராய்ந்துள்ளார். சீதனம் என்னும் கொடுமையைப் புகழ்வது என் கருத்தன்று. அதன் சுமையாற் சிதைந்த குடும்பங்களை நாமறிவோம். இங்கு கருதத்தக்கது உறுதியிலுள்ள பெயர் ஒன்றே.

ஒப்பீடொன்று இவ்விடத்தில் உதவும். தேசவழமையின்கீழ் வரும் யாழ்ப்பாணப் பெண்ணுக்குச் சீதன உறுதி உண்டெனினும், அவ்வசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி அவள் விற்க இயலாது. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு அத்தடையில்லை. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டத்தின்படி தன் வீட்டைத் தானே வைத்திருக்கவும் விற்கவும் ஈடு வைக்கவும் அவளுக்கு உரிமையுண்டு. கணவன் குடித்துவிட்டு வந்து கூச்சலிடும் இரவில், “இது என்ட வீடு, வெளியில போ” என்று அவள் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் உறுதி ஒன்று இருக்கின்றது. அடுத்த வளவில் அவளுடைய அக்கா இருக்கின்றாள். பின்வளவில் தாய் இருக்கின்றாள். இவ்விரண்டும் சேர்ந்தே அவளது பலம். ஆணாதிக்கம் வாவிக்கரையில் இல்லை என்று கூறுமளவுக்கு நான் பேதையல்லேன். எனினும் தெருவுக்குத் தள்ளப்படும் அச்சம் அங்கு ஆணுக்கே அதிகம் என்பது மெய்.

இத்தகைய சமுதாயத்தில் வாடகை வீடு என்பதற்கு மதிப்பில்லை. புளியந்தீவிலே மாற்றலாகி வந்த உத்தியோகத்தரும், வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியூர்களிலிருந்து வரும் மாணவருமே வாடகைக்கு இருப்போர். ஊர்க்காரன் வாடகைக்குப் போனால், ‘பெண் வீட்டார் வீடு கொடுக்கவில்லைப் போலும்’ என்று கதைப்பர். ஆகையால் வாடகைக்கு இருப்பவனின் உரிமைகள் எவை, வீட்டுக்காரனின் கடமைகள் எவை, எழுத்து எப்படி இருத்தல் வேண்டும் என்ற அறிவு நம்மிடையே வளரவில்லை. வாடகை நமக்கு அந்நியரின் பிரச்சினையாகவே இருந்துவந்தது. போரும் வறுமையும் மேற்படிப்பும் நம்மைக் கடல் கடத்தியபோது நாமே அந்நியராயினோம். கையில் அந்த அறிவில்லை.

உயர்பட்டப் படிப்பின் பொருட்டு மனைவியோடும் கைக்குழந்தையோடும் ரொறன்ரோ மாநகரின் ஸ்காபரோப் பகுதியில் நான்காண்டுகள் வாழ்ந்தவன் நான். சென்ற முதல் மாதத்தில் பதினொரு வீடுகளின் கதவைத் தட்டினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரே வினாக்கள்: வேலைக் கடிதம் எங்கே? முன்னர் இருந்த வீட்டுக்காரரின் நற்சான்று எங்கே? கடன் வரலாறு எங்கே? இந்தக் கடைசி வினாவைப் போல் என்னைத் திகைக்கச் செய்தது வேறில்லை. ஒருவரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தவன் நம்மூரில் மானமுள்ளவன்; அங்கோ கடன்பட்டுத் திருப்பிக் கொடுத்த தடயம் இல்லாதவன் நம்பத்தகாதவன். நற்சான்றுக்கு எவரைக் கேட்பது? நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி என் மனைவி. அவளிடம் கடிதம் வாங்கிக் கொடுக்கலாமா என்று ஒரு முகவரிடம் கேட்டேன். அவர் அதை வேடிக்கையாக எண்ணிச் சிரித்தார். ஆறு மாத வாடகையை முற்பணமாக வைத்தாற் பேசலாம் என்றார் மற்றொருவர்.

இக்கோரிக்கைகளிற் சில சட்டத்துக்கே முரணானவை என்பதைப் பின்னர் தான் அறிந்தேன். ஒன்ராறியோ மாகாணத்தின் 2006ஆம் ஆண்டு வதிவிட வாடகைச் சட்டத்தின்படி வீட்டுக்காரர் வைப்புப் பணமாகக் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகைக்கு மேற்படாத, கடைசி மாதத்துக்கான வாடகை மட்டுமே. அதற்கும் ஆண்டுதோறும் வட்டி கொடுத்தல் வேண்டும். பின்திகதியிட்ட காசோலைகளைக் கட்டாயமாகக் கேட்டல் கூடாது. வாடகையாளர் கேட்டால் இலவசமாகப் பற்றுச்சீட்டுக் கொடுத்தாக வேண்டும். அம்மாகாணத்து மனித உரிமை விதிகளின்படி நற்சான்றும் கடன் விபரமும் கேட்கலாமெனினும், புதிதாய் வந்தவரிடம் அவ்வரலாறு இல்லாமையையே குற்றமாகக் கொண்டு மறுத்தல் முறையன்று. 2018 ஏப்பிரல் 30ஆந் தேதி முதல் பெரும்பாலான வதிவிடங்களுக்கு மாகாண அரசு வகுத்த ஒரே மாதிரி ஒப்பந்தப் படிவமே எழுதப்படல் வேண்டும். இவை யாவும் நூலகத்தில் எவரும் வாசிக்கக்கூடியவை. பல்கலைக்கழக விரிவுரையாளன் ஒருவனுக்கே இவை தெரிந்திருக்கவில்லை எனின், வாகரையிலிருந்தும் வவுணதீவிலிருந்தும் அகதியாகச் சென்றவருக்கு யார் சொல்லியிருப்பர்?

‘நம்மவர் சொல்லுவர்’ என்பதே வழக்கமான விடை. அந்த விடையைத்தான் நான் மறுக்க வருகின்றேன்.

நம்மவரே வீடு கொடுக்கின்றனர்; உண்மை. 1980களில் ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடிகளில் ஓர் அறைக்குள் ஐவரும் அறுவரும் படுத்தெழுந்து, புதிதாய் வந்தவனுக்குப் பாயில் இடம் விட்ட கதைகளை யான் மதிக்கின்றேன். அன்று அது அடைக்கலம். அதன் பின்னர் பாயில் இடம் விட்டவர் வீடு வாங்கினார். வீட்டுக் கடனைக் கட்டுவதற்கு நிலவறையை வாடகைக்கு விட்டார். தவறில்லை. ஆனால் அடைக்கலத்தின் மொழி மாறவில்லை. விலை மட்டும் வந்து சேர்ந்தது. “நாங்க என்ன அந்நியரா, எழுத்தெல்லாம் எதுக்கு?” என்று வீட்டுக்காரர் சொல்வார். காசு கையிற் கொடுக்கப்படும், பற்றுச்சீட்டில்லை. குளிர்காலத்தில் வெப்பமூட்டி பழுதானால் உறவின் முகத்தைப் பார்த்து வாய் மூடியிருத்தல் வேண்டும். விருந்தினர் வரலாமா, குழம்பு எத்தனை மணிக்குமுன் கொதிக்கலாம், குழந்தை எத்தனை மணிக்குப்பின் அழலாகாது என்பனவெல்லாம் வீட்டுக்காரியின் கண்ணசைவிற் தீர்மானமாகும். ஒருநாள், “மச்சான் ஊரிலயிருந்து வாறார், அறை தேவைப்படுது” என்ற ஒரு வசனத்தோடு குடும்பம் தெருவுக்கு வரும்.

இவ்விடத்தில் சட்டம் காப்பாற்றும் என எண்ணுவோர் அதன் ஒரு பிரிவைக் கவனித்தல் நன்று. வீட்டுச் சொந்தக்காரருடனோ, அங்கு வசிக்கும் அவருடைய துணைவர், பிள்ளை, பெற்றோர் ஆகியோருடனோ அடுக்களையையோ குளியலறையையோ பகிரவேண்டிய அறைக்கு மேற்குறித்த வாடகைச் சட்டமே பொருந்தாது. பாகுபாட்டுக்கு எதிரான மனித உரிமைப் பாதுகாப்பும் அத்தகைய குடியிருப்பிற் குறுகிவிடுகின்றது. வேறு சொற்களிற் கூறின், ‘ஒரே அடுக்களை’ என்று நாம் எதைப் பாசத்தின் அடையாளமாகக் கொண்டாடுகின்றோமோ, அதுவே நம்மைச் சட்டத்தின் வெளியே நிறுத்துகின்றது. அந்நியன் ஒருவனிடம் தனிக் கதவும் தனி அடுப்பும் உள்ள சிறு வீட்டை எழுத்தோடு எடுப்பவனுக்கு உரிமையுண்டு. மாமன் வீட்டின் விறாந்தை அறையில் மாமியின் அடுப்பிற் சமைப்பவனுக்கு மாமியின் தயவு மட்டுமே உண்டு. ஸ்காபரோவில் அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகளைப் பொறுத்தவரையிலோ, 2024 மார்ச் 31ஆந் தேதி புதிய உரிமமுறை நடைமுறைக்கு வரும்வரை அவை அப்பகுதியில் அனுமதிக்கப்படவே இல்லை. அங்கிருந்த மாணவர் முறையிட்டால் வீடே மூடப்படுமோ என அஞ்சி அடங்கியிருந்தனர்.

அடுக்களையைப் பகிர்வதன் துன்பம் யாருடையது? ஆண் காலையில் வேலைக்குப் போய் இரவில் வருகின்றான். நாள் முழுதும் அந்த நிலவறையில் இருப்பவள் பெண். ஊரில் தன் அடுப்பைத் தானே மூட்டியவள் அங்கு மற்றவளின் அடுப்புக்கு முறை பார்த்து நிற்கின்றாள். இந்த இறக்கத்தைப் பற்றி நமது புலம்பெயர் இலக்கியம் கண்ணீர் வடித்த அளவுக்கு நமது சங்கங்கள் கடிதம் வரையவில்லை.

இனி எழுத்துக்கு வருவோம். கடைசியில் ஒரு வீடு கிடைத்தது. தனிக் கதவும் தனி அடுப்பும் உள்ள நிலவறை வீடு. ஒப்பந்தப் படிவமும் வந்தது. அப்படிவத்தில் வாடகையாளரின் பெயருக்கென ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் இருந்தன. முதல் வரியில் என் பெயரை எழுதினேன். அடுத்த வரிகளை வெறுமையாய் விட்டேன். முகவர் ஒன்றும் கேட்கவில்லை, வீட்டுக்காரரும் கேட்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை. எந்தச் சட்டமும் என்னை அவ்வாறு செய்யப் பணிக்கவில்லை. நான் செய்தேன்.

இதற்கு இணையான நிகழ்ச்சியொன்றை நம் மண்ணிலேயே கண்டோம். 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை நாவலடியையும் கல்லடியையும் அழித்த பின்னர், வீடிழந்தோருக்குத் திராய்மடு முதலிய இடங்களில் புதுவீடுகள் கட்டப்பட்டன. இழந்த வீடுகளிற் பெரும்பாலானவை பெண்களின் பெயரிலே இருந்தவை. ஆனால் உதவிப் படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு வரி இருந்தது. அந்த வரியில் ஆணின் பெயர் எழுதப்பட்டது. பல இடங்களில் வீடும் அப்பெயரைப் பின்பற்றிச் சென்றது. கடல் ஒரு காலைப்பொழுதிற் கொண்டுபோனது சுவரையும் கூரையையும். உரிமையைக் கொண்டுபோனது அந்த ஒரு வரி. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பியமை பதிவிலுள்ளது. அரச காணிகளைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் பழையது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் மூத்த ஆணுக்கே முதலிடம் அளித்துவந்தது; 2022இல் தான் அது திருத்தப்பட்டது.

ஆழிப்பேரலை வீடுகளுக்காக அரசைக் கண்டித்த நாம், வாடகை ஒப்பந்தத்துக்கு யாரைக் கண்டிப்பது? அங்கு ‘குடும்பத் தலைவர்’ என்ற வரி இல்லை. வெறும் வரிகளே இருக்கின்றன. அவ்வரிகளில் ‘குடும்பத் தலைவர்’ என்று நம் மனத்திலிருந்து எடுத்து எழுதுபவர் நாமே. கிராம சேவகரின் படிவத்தை நாம் விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோயிருக்கின்றோம்.

இலண்டனில் முரண் இன்னும் கூர்மையானது. 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, 2016 பெப்ரவரி முதல் இங்கிலாந்து முழுவதும், வீட்டில் வசிக்கப் போகும் வயதுவந்தோர் ஒவ்வொருவரதும் வதிவுரிமையை வீட்டுக்காரர் சோதித்தல் வேண்டும். ஒப்பந்தத்திற் பெயர் இருப்பினும் இல்லாவிடினும் சோதனை உண்டு. இச்சட்டம் வீட்டுக்காரரைப் பாகுபாடு காட்டத் தூண்டுகின்றது என 2019 மார்ச்சில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஏப்பிரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாகுபாடு நிகழ்வதை ஏற்றும் சட்டத்தைச் செல்லுபடியாகவே விட்டது. 1968ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் ‘கறுப்பருக்கு வீடில்லை’ என்ற பலகைகளைச் சட்டவிரோதமாக்கிற்று. பலகை போனது, வினாத்தாள் வந்தது. இவை கண்டிக்கத்தக்கவையே. ஆனால் எண்ணிப் பாருங்கள்: நமது பெண்ணின் கடவுச்சீட்டை அயல்நாட்டு அரசு கேட்கின்றது; அவள் அவ்வீட்டில் இருப்பவள் என்பதை அது அறிந்துகொள்கின்றது. அவளை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுபவனோ அவளுடைய கணவன்.

இதற்கு மறுப்புகள் உண்டு. நண்பர் வட்டத்தில் இதைப் பேசியபோது அவையெல்லாம் என் மேல் வீசப்பட்டன.

வாடகை வீடு சொத்தன்று, அதில் யார் பெயர் இருந்தால் என்ன என்பது முதல் மறுப்பு. சொத்தன்று, ஆனால் அந்நாடுகளில் வாடகை ஒப்பந்தம் என்பது ஒருவரின் இருப்புக்குச் சான்று. முகவரிக்கு அத்தாட்சி கேட்கும் அலுவலகத்துக்கு அதைக் காட்டலாம். அடுத்த வீடு தேடும்போது நற்சான்று அதிலிருந்தே பிறக்கும். நான் முதல் மாதத்தில் எவ்வரலாறு இன்றி அலைந்தேனோ, அதே வரலாறின்மையை என் மனைவிக்கு நானே உண்டாக்கினேன். நான்காண்டுகள் வாழ்ந்தபின்னும் வாடகைச் சந்தையிற் பெயரளவில் அவள் நேற்று விமானத்தால் இறங்கியவளே. கணவன் பிரிந்தாலோ இறந்தாலோ? வாடகையாளர் இறந்தால் அவ்வீட்டையே தன் வதிவிடமாகக் கொண்ட துணைவரை ஒன்ராறியோ விதிகள் வாடகையாளராக ஏற்கின்றன. அவன் அறிவியாமல் விட்டுச் சென்றால் நிபந்தனைகள் பல. வாடகை நிலுவையும் வீட்டின் வகையும் பார்க்கப்படும். நிபந்தனைகளை வாசித்து வாதாட வேண்டிய நிலைமையில் அவளை நிறுத்துவதற்குப் பதிலாக ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அடுத்த மறுப்பு சற்றுக் கனமானது. பெயரிருந்தால் கடமையும் உண்டு; வாடகை பாக்கி விழுந்தால் அவளையும் பிடிப்பர்; வன்முறைக் கணவனோடு ஒப்பந்தத்திற் கட்டுண்டு கிடக்க நேரும். இதனை நான் எளிதாய்த் தள்ளவில்லை. ஒருங்கு கையொப்பமிட்டவர் ஒருங்கு பொறுப்பாளி என்பது மெய். ஆனால் 2016இல் ஒன்ராறியோ சட்டத்திற் சேர்க்கப்பட்ட ஏற்பாடு, குடும்ப வன்முறைக்கு உள்ளான வாடகையாளர் ஒப்பந்தக் காலம் முடியாவிடினும் 28 நாள் அறிவித்தலோடு விலகலாம் என்கின்றது. இந்த வாயிலும் வாடகையாளர் எனப் பெயர் பெற்றவளுக்கே திறக்கின்றது. பொறுப்பைச் சுமக்கக்கூடாதென்ற பரிவினால் உரிமையை மறுப்பது, நமது பாட்டன்மார் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாது வைத்த பரிவை ஒத்தது. வாவிக்கரையிற் சோலைவரி கட்டியவள், ஈட்டுக் கடன் தீர்த்தவள், வாடகைக்குப் பொறுப்பேற்க அஞ்சுவாளா?

அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, வருமானம் இல்லை, வீட்டுக்காரர் ஒப்பார் என்பாருமுளர். சில வேளைகளில் ஒப்பாதிருக்கலாம். ஆனால் கேட்டுப் பார்த்து மறுக்கப்பட்டவர் எத்தனை பேர்? நான் கேட்கவேயில்லை. இரண்டாம் வீடு எடுத்தபோது கேட்டேன். வீட்டுக்காரர் இருவரின் கையொப்பமும் இருப்பது தமக்கே நல்லதென்றார். இன்னும் ஒருவர், இப்படிப்பட்ட பேச்சுக் குடும்பத்தைப் பிரிக்கும் என்றார். வாவிக்கரையில் வீடு பெண்ணின் பெயரிலிருப்பதால் குடும்பங்கள் பிரிந்தனவா என்று கேட்டேன். அவர் தேநீரைக் குடித்து முடித்தார்.

ரொறன்ரோவில் யாழ்ப்பாணத்தவர் பெரும்பான்மையினர். அவர்களுடைய வழமையே தமிழர் வழமையாய்த் தோற்றமளிக்கின்றது. கிழக்கிலிருந்து சென்றவர் அதற்குள் கரைந்துபோகின்றனர் என்றொரு விளக்கத்தையும் கேட்டேன். பிரதேசக் காய்ச்சலுக்கு இடங்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. கரைந்தது அவர்களாலன்று. ஆடவனுக்குச் சாதகமான வழமை ஒன்று அருகிற் கிடைத்தவுடன் மட்டக்களப்பு ஆடவன் அதை மறுவார்த்தையின்றி உடுத்துக்கொண்டான். கண்ணகி அம்மனுக்கு வைகாசிச் சடங்குக்குக் காசு அனுப்ப மறக்காதவன், வீட்டு வழமையை மட்டும் விமான நிலையத்தில் மறந்தான்.

இந்த வரிசையில் இன்னொரு பெண்ணையும் குறிப்பிடாது விடுதல் தகாது. வாவிக்கரைக் கிராமங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாய்ச் செல்பவளுக்கு வாடகை வீடு தேடும் சிக்கலே இல்லை. எசமானின் வீட்டிலேயே அவள் உறங்குகின்றாள், வாசற்படி தாண்டவும் அவர்களின் அனுமதி வேண்டும். அவள் அனுப்பும் பணத்தில் ஊரிலே கல்வீடு எழுகின்றது. அந்த வீடு மகளின் பெயரில் எழுதப்படுகின்றது. படித்து, குடும்பத்தோடு, சட்டப் பாதுகாப்புள்ள நாட்டுக்குச் சென்ற நாம் காக்கத் தவறிய வழமையைக் குவைத்தில் பாத்திரம் கழுவுபவள் காத்துவருகின்றாள்.

என்ன செய்யலாம் என்று கேட்போர்க்கு என்னிடம் பெருந்திட்டம் எதுவுமில்லை. இப்பல்கலைக்கழகத்திலிருந்து ஆண்டுதோறும் விரிவுரையாளரும் பட்டதாரிகளும் வெளிநாடு செல்கின்றனர். அவர்களுக்குப் பிரிவுபசாரம் நடத்தி, பொன்னாடை போர்த்தி, இருமணி நேரம் பேசுகின்றோம். அந்த இருமணியில் அரைமணியை அவர்கள் செல்லும் நாட்டின் வாடகை ஒப்பந்தத்தை ஒருதரம் வாசித்துக் காட்டுவதற்குச் செலவிடலாம். புலத்திலுள்ள நமது ஊர்ச் சங்கங்கள் வெளியிடும் மலர்கள் பல என் மேசையில் உள்ளன. வாழ்த்துச் செய்திகள் முப்பது பக்கம், ஊரின் தொன்மை நாற்பது பக்கம். அடுக்களையைப் பகிர்ந்தால் சட்டம் பொருந்தாது என்ற ஒரு வசனத்தை அவற்றில் நான் காணவில்லை. நிலவறையை வாடகைக்கு விடும் அங்கத்தவர்கள் மனம் நோவார்கள் என்பதே காரணம் என்று ஒரு செயலாளர் என்னிடம் ஒளிவின்றிச் சொன்னார். அவருடைய நேர்மையைப் பாராட்டுகின்றேன்.

முதல் ஒப்பந்தம் எழுதிய அன்றிரவு ஆரையம்பதிக்குத் தொலைபேசி எடுத்து வீடு கிடைத்த செய்தியை மாமியிடம் சொன்னேன். எத்தனை அறை, தண்ணீர் வசதி எப்படி, அடுப்புத் தனியா என்றெல்லாம் விசாரித்தார். மகிழ்ந்தார். பின் கேட்டார்:

“தம்பி, எழுத்தில மகள்ட பேர் கிடக்கா?”

“வாடகை வீடுதானே, மாமி.”

“வாடகையெண்டாலும் வீடுதானே, தம்பி.”

அட்டை முடிந்துவிட்டதென்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். அட்டையில் இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது.